பம்ப் ரீடிங்கிலிருந்து வளைகோடு: பல்லுறுப்புப் போக்குக் கோட்டை நாமே கணக்கிடும் வழி

கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் புதிதாகச் சேருகிறவர் கைக்குச் சீக்கிரமே வந்து சேரும் தாள் ஒன்று உண்டு. இடது பக்கம் டிஸ்சார்ஜ் (பம்ப் தள்ளும் தண்ணீரின் அளவு), வலது பக்கம் ஹெட் (அது தண்ணீரை ஏற்றும் உயரம்), ஏழெட்டு வரி எண்கள். "இதுக்கு ஒரு கர்வ் போட்டுக் குடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். எக்செலில் புள்ளிகளைப் போட்டு டிரெண்ட்லைன் (போக்குக் கோடு) என்பதைச் சொடுக்கினால் அரை நிமிடத்தில் வளைகோடு வந்துவிடும். ஒரு பம்புக்கு அது போதும். நூறு மாடலுக்குப் போட வேண்டும், கேட்டலாக்கில் அச்சேற்ற வேண்டும், வாடிக்கையாளர் ஹெட்டைத் தட்டினால் டிஸ்சார்ஜ் தானாக வர வேண்டும் என்று வேலை வளரும்போதுதான் கோடிங் தேவைப்படுகிறது.

அந்தக் கோடிங்கை எழுதும் வழி இந்தக் கட்டுரையில் இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கும், லூப் எழுதத் தெரிந்த கையும் இருந்தால் போதும். கீழே வரும் படிநிலைகளைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், சி என்று உங்களுக்குப் பழகிய மொழியில் மாற்றிக்கொள்ளுங்கள். பைத்தான் 3 தமிழ் எழுத்திலான மாறிப் பெயர்களை ஏற்கும், கட்டளைச் சொற்கள் மட்டும் அதனுடையவை. பிறர் எழுதிவைத்த ரெடிமேட் கோடிங் நூலகம் இருக்கும்போது நாமே ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு தடவையாவது எழுதிப் பார்த்தவருக்குத்தான் நூலகம் கொடுக்கும் விடையில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிடிபடும். அப்புறம் தாராளமாக நூலகத்தையே பயன்படுத்துங்கள்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன

டெஸ்டிங் பெஞ்சில் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். டெலிவரி பைப்பில் கேட் வால்வு, அதற்கு முன்னால் பிரஷர் கேஜ், வரிசையில் ஃப்ளோ மீட்டர். முதலில் வால்வை முழுக்க மூடுவார்கள். தண்ணீர் போகாது, அழுத்தம் உச்சத்தில் நிற்கும். அதுதான் ஷட் ஆஃப் ஹெட். அப்புறம் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொரு நிலையிலும் ஓட்டம் நிதானத்துக்கு வந்ததும் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்வார்கள். டிஜிட்டல் கேஜின் கடைசி இலக்கம் எவ்வளவு நேரம் நின்றாலும் மாறிக்கொண்டேதான் இருக்கும். 30.6, 30.8, 30.7 என்று ஓடும்போது பையன் 30.7 என்று எழுதிவிடுவான். இந்தச் சின்னத் தடுமாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு நான் அமைத்த எண்கள் இவை. டிஸ்சார்ஜ் விநாடிக்கு லிட்டரில், ஹெட் மீட்டரில்:

0 லிட்டர் → 32.1
1 லிட்டர் → 31.8
2 லிட்டர் → 30.7
3 லிட்டர் → 29.2
4 லிட்டர் → 26.6
5 லிட்டர் → 23.5
6 லிட்டர் → 19.6

முதல் வேலை, ஒரு வரி கோடிங்கூட எழுதாமல் இந்தப் புள்ளிகளை வரைந்து பார்ப்பது. 30.7 என்பது 37.0 என்று தட்டச்சாகியிருந்தால் கண் உடனே பிடித்துவிடும், கணக்கு பிடிக்காது.

எத்தனையாம் படி?

பல்லுறுப்புக்கோவையில் நேர்கோடு முதல் படி. ஒரு வளைவு உள்ளது இரண்டாம் படி. இப்படி ஏறிக்கொண்டே போகலாம். எக்செலின் டிரெண்ட்லைன் பெட்டியில் 2 முதல் 6 வரை படி கேட்கும். புதியவர்கள் 6 வரை ஏற்றிப் பார்த்து, எது புள்ளிகளை நன்றாகத் தொடுகிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். படி எத்தனை என்பதைப் பொருளிடம் கேளுங்கள்.

பம்புக்கு விடை அதன் உள்ளேயே இருக்கிறது. பின்னோக்கி வளைந்த இறக்கைகள் உள்ள இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) கொடுக்கும் ஹெட், ஏட்டுக் கணக்கில், டிஸ்சார்ஜ் கூடக்கூட நேர்கோட்டில் இறங்கும். அதிலிருந்து உராய்வு இழப்பைக் கழிக்க வேண்டும். உராய்வு டிஸ்சார்ஜின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும், அதாவது ஓட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு. நீர் இறக்கைக்குள் நுழையும் கோணம் பொருந்தாததால் வரும் அதிர்ச்சி இழப்பும் வர்க்கக் கணக்கில்தான் போகிறது. நேர்கோட்டிலிருந்து வர்க்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டாம் படி. ஆகவே இரண்டில் தொடங்குவோம். எண்கள் வேண்டாம் என்று அடம்பிடித்தால் மட்டும் மேலே போவோம்.

நாம் தேடுவது:

ஹெட் = க0 + க1 × வ + க2 × வ²

க0, க1, க2 மூன்றும் கெழுக்கள். வ என்பது டிஸ்சார்ஜிலிருந்து நடு மதிப்பைக் கழித்தது. இங்கே நடு மதிப்பு 3, ஆகவே வ என்பது −3, −2, −1, 0, 1, 2, 3. ஏன் கழிக்க வேண்டும்? இப்போதைக்குக் கணக்கு சுலபமாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான காரணம் பின்னால் வருகிறது, அது பெரியது.

கையால் ஒரு தடவை

ஏழு புள்ளிகள், மூன்று கெழுக்கள். எல்லாப் புள்ளியையும் ஒரே வளைகோடு தொடாது. ஒவ்வொரு புள்ளியிலும் அளந்த ஹெட்டுக்கும் கோடு சொல்லும் ஹெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மிச்சம் என்போம். மிச்சங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை எந்தக் கெழுக்களுக்கு மிகக் குறைவோ, அவைதான் நமக்கு வேண்டியவை. மீச்சிறு வர்க்க முறை என்று இதற்குப் பெயர். பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாண்டர் இதை 1805ல் அச்சிட்டார். 1809ல் ஜெர்மன் கணித அறிஞர் காஸ் தன் புத்தகத்தில் இது 1795 முதலே தனக்குத் தெரிந்ததுதான் என்று எழுத, இருவருக்கும் மனத்தாங்கல் ஆகிவிட்டது. இருவர் கண்ணும் அப்போது வானத்தில் இருந்தது, வால்மீன்களின் பாதையும் கோள்களின் பாதையும்தான் அவர்கள் கணக்கு.

தொகை குறைய வேண்டும் என்ற நிபந்தனையை வகையிட்டால் மூன்று சமன்பாடுகள் கிடைக்கும். வகையிடல் தெரியாதவர்கள் அதை விட்டுவிடலாம், சமன்பாடுகளின் அமைப்பு தெரிந்தால் போதும். அவற்றுக்குத் தேவையானவை வெறும் கூட்டல்கள்:

புள்ளிகளின் எண்ணிக்கை = 7
வ எல்லாம் கூட்டினால் = 0
வ² எல்லாம் கூட்டினால் = 28
வ³ எல்லாம் கூட்டினால் = 0
வ⁴ எல்லாம் கூட்டினால் = 196
ஹெட் எல்லாம் கூட்டினால் = 193.5
வ × ஹெட் எல்லாம் கூட்டினால் = −58.2
வ² × ஹெட் எல்லாம் கூட்டினால் = 743.8

மூன்று சமன்பாடுகள்:

7 க0 + 0 க1 + 28 க2 = 193.5
0 க0 + 28 க1 + 0 க2 = −58.2
28 க0 + 0 க1 + 196 க2 = 743.8

நடுவைக் கழித்ததால் ஒற்றைப்படை அடுக்குகள் எல்லாம் 0 ஆகிவிட்டன. இரண்டாவது சமன்பாடு தானே விடையைச் சொல்கிறது: க1 = −2.0786. முதல் சமன்பாட்டை 4 ஆல் பெருக்கி மூன்றாவதிலிருந்து கழித்தால் 84 க2 = −30.2, ஆகவே க2 = −0.3595. திரும்ப முதல் சமன்பாட்டில் போட்டால் க0 = 29.0810.

காகிதம், பேனா, சாதாரணக் கால்குலேட்டர் போதும். இந்த மூன்று எண்களைப் பத்திரமாக எழுதி வையுங்கள். உங்கள் புரோகிராம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

இனி கோடிங்

மூன்று சின்ன வேலைகள். முதலாவது, மேலே போட்ட கூட்டல்களை அணியாகக் கட்டுவது. சமன்பாடுகளில் ஒரு ஒழுங்கு இருந்ததைப் பார்த்திருப்பீர்கள்: இ-வது வரிசை, ஜ-வது பத்தியில் வருவது வ-வின் (இ + ஜ) அடுக்குகளின் கூட்டல். வரிசை எண்ணும் பத்தி எண்ணும் 0-விலிருந்து தொடங்குகின்றன.

```
வேலை அணிகட்டு(வ, ஹெட், படி):
    அணி = (படி + 1) வரிசை, (படி + 2) பத்தி, எங்கும் 0
    ஒவ்வொரு ரீடிங் ர-வுக்கும்:
        இ = 0 முதல் படி வரை:
            ஜ = 0 முதல் படி வரை:
                அணி[இ][ஜ] = அணி[இ][ஜ] + வ[ர] அடுக்கு (இ + ஜ)
            அணி[இ][படி + 1] = அணி[இ][படி + 1] + ஹெட்[ர] × (வ[ர] அடுக்கு இ)
    திருப்பிக் கொடு அணி
```

இங்கே இரண்டு பொறிகள். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அடுக்குக்கு இரண்டு நட்சத்திரக் குறி போட வேண்டும். எக்செல் பழக்கத்தில் ^ போட்டால் அது வேறு வேலையைச் செய்யும்: அந்த இரண்டு மொழிகளிலும் 3^2 என்றால் விடை 1. இரண்டாவது, நடுப்புள்ளியில் வ = 0. அங்கே 0 அடுக்கு 0 என்பது 1 ஆக வர வேண்டும். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 1 கொடுக்கும். எக்செல் கட்டத்தில் அதையே எழுதினால் பிழை காட்டும்.

இரண்டாவது வேலை, சமன்பாடுகளைத் தீர்ப்பது. கையால் செய்ததைப் போலவே ஒன்றின் மடங்கை இன்னொன்றிலிருந்து கழித்து, தெரியாதவற்றை ஒவ்வொன்றாக ஒழிக்க வேண்டும்.

```
வேலை தீர்(அணி):
    எண் = வரிசைகளின் எண்ணிக்கை
    ப = 0 முதல் எண் − 1 வரை:
        ப-வது வரிசையிலும் அதற்குக் கீழும், பத்தி ப-வில்
            குறி பாராமல் பெரிய எண் உள்ள வரிசையைக் கண்டுபிடி
        அதை ப-வது வரிசையோடு இடம் மாற்று
        அணி[ப][ப] கிட்டத்தட்ட 0 என்றால்: "தீர்க்க முடியாது" என்று நிறுத்து
        ப-வுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு வரிசை கீ-க்கும்:
            மடங்கு = அணி[கீ][ப] / அணி[ப][ப]
            ஜ = ப முதல் எண் வரை:
                அணி[கீ][ஜ] = அணி[கீ][ஜ] − மடங்கு × அணி[ப][ஜ]
    இ = எண் − 1 முதல் 0 வரை, பின்னோக்கி:
        மீதி = அணி[இ][எண்]
        ஜ = இ + 1 முதல் எண் − 1 வரை:
            மீதி = மீதி − அணி[இ][ஜ] × க[ஜ]
        க[இ] = மீதி / அணி[இ][இ]
    திருப்பிக் கொடு க
```

பெரிய எண் உள்ள வரிசையை மேலே கொண்டுவரும் அந்த மூன்று வரிகளை விட்டுவிட்டு எழுதிய உதாரணங்கள் நிறையக் கிடைக்கும். விடாதீர்கள். மிகச் சிறிய எண்ணால் வகுத்தால் மடங்கு ராட்சசமாகி, உண்மையான இலக்கங்களை அடித்துக்கொண்டு போய்விடும்.

"தீர்க்க முடியாது" என்று எப்போது வரும்? வெவ்வேறு டிஸ்சார்ஜ் மதிப்புகள் படியைவிடக் குறைந்தது ஒன்றாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஒரே வால்வு நிலையில் பத்து ரீடிங் எடுத்து வைத்தாலும் கணக்குக்கு அது ஒரு டிஸ்சார்ஜ்தான். அதை வைத்து நேர்கோடுகூடப் போட முடியாது.

மூன்றாவது, கெழுக்கள் கிடைத்த பிறகு எந்த டிஸ்சார்ஜுக்கும் ஹெட்டைக் கணக்கிடுவது. அடுக்கைத் தனித்தனியாகப் போடாமல், கடைசிக் கெழுவிலிருந்து தொடங்கிப் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால் வேலையும் குறைவு, பிழையும் குறைவு. ஹார்னர் முறை என்று புத்தகங்களில் இருக்கும்.

```
வேலை ஹெட்கேள்(க, நடு, டிஸ்சார்ஜ்):
    வ = டிஸ்சார்ஜ் − நடு
    விடை = 0
    க-வின் கடைசிக் கெழுவிலிருந்து முதல் கெழு வரை, ஒவ்வொன்றுக்கும்:
        விடை = விடை × வ + அந்தக் கெழு
    திருப்பிக் கொடு விடை
```

ஓட்டிப் பாருங்கள். 29.0810, −2.0786, −0.3595 வந்தால் புரோகிராம் சரி. இதையே டிஸ்சார்ஜில் விரித்து எழுதினால் ஹெட் = 32.081 + 0.0786 × டிஸ்சார்ஜ் − 0.3595 × டிஸ்சார்ஜ்² என்று வரும். ஷட் ஆஃப் ஹெட் 32.08, அளந்தது 32.1.

விவசாயி கேட்கும் கேள்வி பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்: "எனக்கு இருபத்தஞ்சு மீட்டர் ஏத்தோணும், எவ்வளவு தண்ணி வருமுங்க?" இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் விநாடிக்கு 4.55 லிட்டர். இரண்டு மூலங்கள் வரும், குறை எண்ணாக வருவதைத் தள்ளிவிடுங்கள். போர்வெல் ஆயிரம் அடி போகிற நம் பக்கத்தில் சப்மெர்சிபிள் பம்புக்கு இதே கணக்கை ஒரு ஸ்டேஜுக்கு (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இம்பெல்லர்களில் ஒன்றுக்கு) போட்டு, ஹெட்டை மட்டும் ஸ்டேஜ் எண்ணிக்கையால் பெருக்கினால் வேலை முடிந்தது.

கோடு சரியா என்று எப்படித் தெரியும்

எண்களின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கைக் கோடு பிடித்திருக்கிறது என்று சொல்லும் ஆர் ஸ்கொயர் என்ற எண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். 1-க்கு நெருங்கினால் நல்லது என்று பாடம். சரி, இதே ஏழு புள்ளிகளுக்கு நேர்கோடு போட்டுப் பாருங்கள். ஆர் ஸ்கொயர் 0.917 வரும். 91 சதவீதம் என்றால் பாஸ் என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். இப்போது மிச்சங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்:

−1.78, 0.00, 0.98, 1.56, 1.04, 0.01, −1.81

ஓரங்களில் குறை, நடுவில் கூடுதல். பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு வடிவம். மிச்சத்தில் வடிவம் தெரிந்தால், கோடு எதையோ பிடிக்கத் தவறிவிட்டது என்று அர்த்தம். கோடு 6 லிட்டரில் 21.4 மீட்டர் என்று சொல்கிறது, பம்ப் கொடுப்பது 19.6. அதை நம்பி வாங்கியவர் திட்டாமல் என்ன செய்வார்?

இரண்டாம் படிக்கு மிச்சங்கள்:

0.02, 0.00, −0.10, 0.12, −0.04, 0.01, −0.01

வடிவம் எதுவும் இல்லை, அளவும் கேஜின் கடைசி இலக்கம் துடிக்கும் அளவுதான். இதற்குமேல் பிடிக்க ஒன்றும் இல்லை.

ஆர் ஸ்கொயரின் பெரிய குறை, படியைக் கூட்டினால் அது ஒருபோதும் குறையாது என்பது. அதற்குப் பதிலாக மிச்ச வர்க்கங்களின் கூட்டலை, புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து கெழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவதால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். இது மீட்டரிலேயே வரும், ஆகவே யாருக்கும் புரியும். நேர்கோட்டுக்கு 1.48 மீட்டர். இரண்டாம் படிக்கு 0.082. மூன்றாம் படிக்கு 0.091. மூன்றாம் படியில் ஆர் ஸ்கொயர் 0.99980-லிருந்து 0.99981-க்கு நகர்ந்திருக்கிறது, ஆனால் உண்மையான பிழை அளவு கூடிவிட்டது. இரண்டிலேயே நில்லுங்கள்.

அப்படியும் ஆறாம் படி வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஏழு புள்ளிகளுக்கு ஆறாம் படி போட்டால் கோடு ஏழையும் அப்படியே தொடும், ஆர் ஸ்கொயர் சரியாக 1. பொள்ளாச்சியிலிருந்து டீலர் போன் செய்து "எட்டு லிட்டர் எடுத்தா ஹெட்டு எவ்வளவு நிக்குமுங்க?" என்று கேட்கிறார். இரண்டாம் படி 9.7 மீட்டர் என்கிறது. ஆறாம் படி −41.7 மீட்டர் என்கிறது. அதாவது, பம்ப் தண்ணீரை ஏற்றுவதை விட்டுவிட்டுப் பாதாளத்துக்கு இழுக்கிறதாம்! கேஜின் கடைசி இலக்கத் துடிப்பையெல்லாம் ஆறாம் படி பம்பின் குணம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. சம இடைவெளிப் புள்ளிகளில் உயர்படிக் கோவைகள் ஓரங்களில் இப்படித் துள்ளுவதை ரூங்கே 1901லேயே காட்டினார்.

படியைத் தேர்ந்தெடுக்க நான் அதிகம் நம்புவது ஒரு புள்ளியை ஒளித்துவைத்துப் பார்க்கும் சோதனையைத்தான். 6 லிட்டர் ரீடிங்கை எடுத்துவிட்டு மீதி ஆறு புள்ளிகளுக்குக் கோடு போடுங்கள், அப்புறம் 6 லிட்டருக்கு என்ன ஹெட் என்று கேளுங்கள். உண்மை 19.6. இரண்டாம் படி 19.64 என்று சொல்லும். ஐந்தாம் படி 24.2 என்று சொல்லும், 5 லிட்டரில் அளந்த 23.5-ஐவிட இது அதிகம், வால்வைத் திறக்கத் திறக்க அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். இப்படி ஒவ்வொரு புள்ளியையும் ஒளித்துப் பார்த்து, வரும் தவறுகளின் வர்க்கத்தைக் கூட்டி, எந்தப் படியில் அது குறைவோ அதை எடுக்கலாம். ஏற்கெனவே எழுதிய மூன்று வேலைகளைச் சுற்றி ஒரு லூப் போட்டால் முடிந்தது.

நடுவைக் கழித்த காரணம்

பம்ப் உதாரணத்தில் 0 முதல் 6 வரை சின்ன எண்கள், கழிக்காவிட்டாலும் தப்பித்துவிடலாம். கிடைக்கோட்டில் ஆண்டு வரும்போதுதான் விஷயம் முற்றும். இதே ஏழு மதிப்புகள் 2015 முதல் 2021 வரையிலான ஆண்டுகளுக்கு உரியவை என்று வையுங்கள். ஆண்டை அப்படியே போட்டால் வர்க்கம் மட்டும் நாற்பது லட்சத்தைத் தாண்டும். வளைகோட்டின் வடிவம் மாறாது, க2 அதே −0.3595238தான். ஆனால் வரைபடத்தின் மேல் தெரியும் சமன்பாட்டிலிருந்து அதை −0.3595 என்று நான்கு தசமத்துக்கு எடுத்து எழுதினால், 2018-க்கு வரும் விடை 97 தவறிவிடும். உண்மை மதிப்பே 29 சொச்சம்தான்! எக்செல் காட்டும் டிரெண்ட்லைன் சமன்பாட்டை அப்படியே வேறு கட்டத்தில் ஒட்டிவிட்டு "விடை கன்னாபின்னாவென்று வருகிறதே" என்று தவிப்பவர்களின் நோய் பெரும்பாலும் இதுதான். லேபிளில் தசம இலக்கங்களைக் கூட்டிக்கொள்ளலாம், அல்லது ஆண்டிலிருந்து 2018-ஐக் கழித்துவிடலாம். இரண்டாவதே நல்லது.

மூன்றாம் படிக்கு வ⁶ வரை கூட்டல் வேண்டும். 2018-இன் ஆறாம் அடுக்கு 20 இலக்க எண். கணினியின் சாதாரணத் தசம எண் சுமார் 16 இலக்கம்தான் தாங்கும், மீதியைக் கொட்டிவிடும். புரோகிராம் பிழை எதுவும் காட்டாது, தவறான கெழுவை மரியாதையாகக் கொடுத்துவிட்டுப் போகும். நடுவைக் கழிப்பதோடு, வீச்சின் பாதியால் வகுத்து எல்லாவற்றையும் −1 முதல் 1 வரை கொண்டுவந்துவிட்டால் இன்னும் பாதுகாப்பு. எந்த எண்ணைக் கழித்தோம், எதால் வகுத்தோம் என்பதையும் கெழுக்களோடு சேர்த்தே சேமியுங்கள், இல்லையென்றால் அந்தக் கெழுக்கள் யாருக்கும் உபயோகப்படாது.

நூலகத்துக்குப் போகும்போதும் இது கைகொடுக்கும். பைத்தானின் கணக்கு நூலகமான நம்பையில் பழைய பாலிஃபிட் வேலை, உயர்ந்த படியின் கெழுவை முதலில் கொடுக்கும். புதிய பாலினாமியல் வகுப்பு, தாழ்ந்த படியை முதலில் கொடுக்கும், அதோடு எண்களைத் தானே −1 முதல் 1 வரை சுருக்கிக்கொள்ளும். கெழுவைப் பழைய அளவில் பார்க்க வேண்டுமானால் கன்வெர்ட் என்று தனியாகக் கேட்க வேண்டும். கையால் போட்ட 29.0810 உங்களிடம் இருப்பதால், எது எந்த வரிசையில் வந்தாலும் பொருத்திப் பார்த்துவிடலாம். உள்ளே இவை நம்மைப் போலக் கூட்டல் அணியைக் கட்டித் தீர்ப்பதில்லை, இலக்கம் குறைவாகச் சிந்தும் வேறு வழியில் போகின்றன. ஆகவே மூன்றாம் படிக்கு மேல் வேலை வந்தால் நம் கைக்கோடிங்கை விட்டு நூலகத்தை எடுத்துக்கொள்வதே முறை.

எஃபிஷியன்சி வளைகோடு

ஹெட்டை முடித்ததும் அடுத்து கேட்பது எஃபிஷியன்சி. விநாடிக்கு லிட்டர், மீட்டர் இரண்டையும் பெருக்கி 9.81 ஆல் பெருக்கினால் தண்ணீருக்குப் போன திறன் வாட்டில் வரும். 4 லிட்டர், 26.6 மீட்டர் என்றால் சுமார் 1044 வாட். மோட்டார் இழுத்தது 1900 வாட் என்றால் மொத்த எஃபிஷியன்சி 55 சதவீதம்.

இந்தச் சதவீதப் புள்ளிகளுக்கு நேரடியாகப் போக்குக் கோடு போட்டால், டிஸ்சார்ஜ் 0-வில் கோடு 3 சதவீதம், −2 சதவீதம் என்று ஏதாவது காட்டும். தண்ணீரே போகாதபோது எஃபிஷியன்சி 0தான், அதில் பேரம் கிடையாது. என் வழி இது: ஹெட்டுக்கு ஒரு கோடு, மோட்டார் இழுக்கும் வாட்டுக்குத் தனியாக ஒரு கோடு. எஃபிஷியன்சியை அவை இரண்டிலிருந்தும் வகுத்து எடுங்கள். மேலே டிஸ்சார்ஜால் பெருக்குவதால் 0-வில் அது தானாகவே 0 ஆகிவிடும், நடுவில் மேடும் ஒழுங்காக வரும். நேரடியாகத்தான் போடுவேன் என்றால், க0-வையே எடுத்துவிட்டு முதல், இரண்டாம், மூன்றாம் அடுக்குகளை மட்டும் வைத்து அணியைக் கட்டுங்கள். அப்போது நடுவைக் கழிக்கக்கூடாது, கழித்தால் 0 என்பது நடுப்புள்ளிக்குப் போய்விடும். பெரிய டிஸ்சார்ஜால் வகுத்துச் சுருக்கிக்கொள்வதோடு நில்லுங்கள்.

எதற்குப் போடக்கூடாது

கற்றுக்கொண்ட சூட்டில் கண்ணில் படும் எண்ணுக்கெல்லாம் வளைகோடு போடத் தோன்றும். நாமக்கல் முட்டை விலையை எடுத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் சாப்பிடுவோர் குறைவார்கள், விலை தணியும், அப்புறம் ஏறும். ஆண்டுதோறும் திரும்பி வரும் அசைவு அது. பல்லுறுப்புக்கோவைக்குத் திரும்பி வரத் தெரியாது. கடைசிப் புள்ளியைத் தாண்டியதும் மேலேயோ கீழேயோ போய்க்கொண்டே இருக்கும். ஈரோட்டு மஞ்சள் விலையும் அப்படித்தான், அங்கே இருப்பு, மழை, ஏற்றுமதி என்று வேறு கைகள் இழுக்கின்றன. கடந்த மாதங்களின் வடிவத்தைக் கண்ணுக்குக் காட்ட ஒரு மெல்லிய கோடு போட்டுக்கொள்ளலாம், அடுத்த மாதத்துக்கு அதை நீட்டிக் கொள்முதல் முடிவு எடுக்கக்கூடாது. திருப்பூர் ஆர்டர் கணக்கு, நூல் விலை எதற்கும் இதே பேச்சுதான்.

பம்புக்கேகூட, அளந்த வீச்சுக்கு வெளியே கோட்டை நீட்டுவது ஆபத்து. இரண்டாம் படி 8 லிட்டருக்கு 9.7 மீட்டர் என்று சொன்னது நியாயமாகத் தெரிகிறது, ஆனால் அந்த ஓட்டத்தில் கேவிட்டேஷன் (அழுத்தம் குறைந்து நீருக்குள் ஆவிக் குமிழிகள் கிளம்புவது) வந்து ஹெட் சட்டென்று விழுந்துவிடலாம், நம் ஏழு புள்ளிகளுக்கு அது தெரியாது. ஆகவே கடைசியாக ஹெட்கேள் வேலையில் ஒரு காவலைப் போட்டுவிடுங்கள். அளந்த குறைந்த டிஸ்சார்ஜையும் அதிக டிஸ்சார்ஜையும் கெழுக்களோடு சேமித்து, அதற்கு வெளியே யாராவது கேட்டால் எண்ணைக் கொடுக்காமல் நிறுத்துங்கள்:

```
டிஸ்சார்ஜ் < குறைந்தது அல்லது டிஸ்சார்ஜ் > அதிகம் என்றால்:
    "இந்த அளவுக்குச் சோதனை இல்லை" என்று சொல்லி நிறுத்து
```

பொள்ளாச்சி டீலர் மறுபடி எட்டு லிட்டர் கேட்டால், பம்பைத் திரும்பப் பெஞ்சில் ஏற்றி வால்வை இன்னும் திறந்து இரண்டு ரீடிங் எடுத்துச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். புரோகிராமில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது.